காய்ச்சிய தண்ணீரை விளாவியவன்

தாளிப்பு வாசம் எனக்குப் பிடிக்காமல் போன அன்றைக்கே நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். முந்நூறு பேருக்குச் சமைக்கிறவனுக்குக் கடுகு வெடிக்கிற வாசம் குமட்டுகிறது என்றால், உடம்பு ஏதோ சொல்கிறது என்றுதானே அர்த்தம். நான் கேட்கவில்லை. மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு இரண்டு நாள் சாம்பார் வைத்தேன். எனக்கு எப்போதுமே வீம்பு அதிகம்.

நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணை வெட்டி அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. மண் வேலை எடுத்திருந்த கான்ட்ராக்டர் ஒருவர் தன் ஆட்களுக்காகச் சுரங்கத்து மேட்டில் தகரக் கொட்டகை போட்டு கான்டீன் நடத்தினார். நான் அங்கே தலைமைச் சமையல்காரன். ஊர் விருதுநகர்ப் பக்கம். பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள், எல்லோருக்கும் மாஸ்டர்.

இதை எழுதுவது என் காமாலையைப் பற்றிப் பெருமையடிக்க இல்லை. காமாலை யாருக்கும் வரும். அந்தக் காமாலையால் அஞ்சலை என்கிற ஒருத்தியின் வேலை போனது. அவள் எங்கள் கான்டீனில் தண்ணீர்ப் பொறுப்பில் இருந்தவள். அது ஏன் போனது, யாரால் போனது என்று என் வாயாலேயே சொல்லிவிட வேண்டும். வேறு யாராவது அரைகுறையாகச் சொல்வதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. வெயிலில் நின்று வேலை செய்கிறோம், சூடு என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவி பாக்கியம்தான் முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இங்கேருங்க, கண்ணு மஞ்சளா இருக்கு."

"மஞ்சப்பொடி மில்லு மாதிரி அடுப்படியில நிக்கிறேன், கண்ணு வெள்ளையாவா இருக்கும்?"

"பேசினது போதும், சட்டையப் போடுங்க."

டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போனோம். வெளியே நீள பெஞ்சு. உட்கார்ந்திருந்தவர்களில் நான்கு பேர் எங்கள் கான்டீனில் சாப்பிடுகிறவர்கள். நான்கு பேர் கண்ணும் மஞ்சள். என்னைப் பார்த்ததும் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்னொருவன், "மாஸ்டருக்குமா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியில் பரிதாபம் பாதி, திருப்தி பாதி. எனக்குச் சுருக்கென்றது. என் சமையலைப் பற்றி அப்போதே சந்தேகம் ஓடியிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

ஒரு கண்ணாடிக் குழாயில் சிறுநீர் பிடித்துத் தரச் சொன்னார்கள். கம்பவுண்டர் அதைக் குலுக்கினார். மேலே எழுந்த நுரையும் மஞ்சளாக இருந்தது. பிறகு கையில் ரத்தம் எடுத்தார்கள். அதன்பிறகு பெண் டாக்டர் ஒருவர் வலது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தினார். எனக்கு உயிர் போய்விட்டு வந்தது. டாக்டர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். சின்ன வயசுதான், ஆனால் அதட்டலில் எங்கள் அம்மாவைத் தோற்கடித்துவிடுவார்.

"ஈரல் வீங்கியிருக்குதுங்க. ஈரல்ல சுரக்கிற பித்தநீர் குடலுக்குப் போகாம ரத்தத்துல கலக்குது. அதனாலதான் கண்ணும் மஞ்சள், மூத்திரமும் மஞ்சள். தொத்துக் காமாலை. படுக்கோணும்."

"மருந்து?"

"மருந்து இல்லீங்க. ஓய்வுதான் மருந்து. எண்ணெய் கூடாது, தாளிப்பு கூடாது."

தாளிப்பு கூடாது என்று ஒரு சமையல்காரனிடம் சொல்கிற தைரியம் அந்த அம்மாவுக்கு இருந்தது. நான் சிரித்தேன். சிரித்த வேகத்தில் குமட்டிக்கொண்டு வந்தது.

காமாலைக்காரர்களுக்கென்று ஒதுக்கிய வார்டில் என்னைப் போட்டார்கள். தனித் தட்டு, தனி டம்ளர். சாப்பிட்டு முடித்ததும் நர்சு அவற்றை இடுக்கியால் எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிடுவார். உடம்பு அரிக்கும். சோற்றைப் பார்த்தால் கோபம் வரும். எழுந்து பத்தடி நடந்தால் கால் துவளும். எல்லாவற்றையும்விட மோசம் பயம்தான், அதை மறைக்க மாட்டேன். ஈரல் அழுகிச் செத்துப்போன ஒருத்தரை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கும்போது அவருடைய வயிறுதான் ஞாபகத்துக்கு வரும்.

வார்டில் சேர்ந்த மூன்றாம் நாள் பாக்கியம் ஒரு தூக்குச் சட்டியில் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக்கொண்டு வந்தாள். பக்கத்து பிளாக்கில் யாரிடமோ கேட்டு, வரப்பில் தேடிப் பறித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் கைவிரல்கள் பச்சையாக இருந்தன. டாக்டரம்மா அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார்.

"இலையை எந்தத் தண்ணியில கழுவுனீங்க?"

"குழாய்த் தண்ணியிலதாம்மா. நல்லா மூணு தரம் கழுவினேன்."

"மோர்ல ஊத்துனது?"

"அதே தண்ணிதான்."

"கழுவுனா அழுக்குப் போகும். கொஞ்சம் கிருமியும் போகும், மிச்சம் ஒட்டிட்டு இருக்கும். பச்சையா எதுவும் இந்த வார்டுக்குள்ள வரக்கூடாதுங்க. அந்த இலையில குணம் இருக்குதா இல்லையான்னு நான் சண்டைக்கு வரலை. அவருக்கு வேணும்னா காய்ச்சின கஞ்சி கொண்டாங்க."

பாக்கியம் முகம் வாடிவிட்டது. எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் அலைந்து பறித்துக்கொண்டு வந்ததை ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்களே. அந்த ஆத்திரத்தில்தான் டாக்டரம்மாவிடம் வாதம் ஆரம்பித்தேன்.

"டாக்டரம்மா, மோர் புளிப்பு. புளிப்புல புழு பூச்சி தங்காது. முப்பது வருஷமா கரண்டி பிடிக்கிறேன், கெட்டுப்போனது எதுன்னு என் மூக்குக்குத் தெரியும். என் கான்டீன்ல கெட்டது ஒண்ணும் போகலை."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாஸ்டர், உங்க மூக்குக்குத் தெரியற கிருமி வேற. அது சோத்துல வளரும், புளிக்க வைக்கும், நாத்தம் வரும். இது வைரஸ். மைக்ராஸ்கோப்புலகூட எங்களுக்குத் தெரியாது. சோத்துலயும் தண்ணியிலயும் இது வளராது. ஆனா சாகவும் சாகாது. சும்மா இருக்கும். மனுஷன் உள்ள போனாத்தான் பெருகும். அதனால நாத்தம் வராது, ருசி மாறாது. உங்க மூக்கு என்ன பண்ணும்?"

"புளிப்பு?"

"மோர்ப் புளிப்பெல்லாம் பத்தாதுங்க."

"ஐஸ் போட்டா?"

"குளிர்ல இது செத்துப்போகாது. சுகமா இருக்கும்."

"அப்ப எதுலதான் சாகும்?"

"தளதளன்னு கொதிச்சாச் சாகும். சரி, நீங்க என்னென்ன பண்ணிப் போட்டீங்க, வரிசையாச் சொல்லுங்க. நேத்து முந்தாநாள் இல்லீங்க. இது உள்ள போயி ஒரு மாசம் கழிச்சுத்தான் கண்ணு மஞ்சளாகும். ஒரு மாசம் முன்னாடி என்ன நடந்துச்சுன்னு யோசிங்க."

நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். இட்லி. ஆவியில் வெந்தது, அது பழி ஏற்காது என்றார். சாம்பார். கோட்டை அடுப்பில் கொதித்தது, அதுவும் இல்லை என்றார். சோறு இல்லை. ரசம், நுரை கட்டினதும் இறக்கினால் போதாது, ஆனால் பருப்புத் தண்ணீரும் புளித் தண்ணீரும் முன்பே கொதித்துவிடுவதால் விட்டுவிடலாம் என்றார். ஒவ்வொன்றுக்கும் எனக்கு நிமிர்வு கூடிக்கொண்டே போனது. தேங்காய்ச் சட்னி என்றேன். அதற்குத் தண்ணீர் எதில் என்று கேட்டார். ரசத்தின் மேல் தூவும் கொத்தமல்லி என்றேன். கழுவினது எதில் என்று கேட்டார். மோர் என்றேன். மூன்றாவது விரலை மடக்கினார்.

"வெந்தது எல்லாம் நல்லாத்தான் வெந்திருக்குது. உங்க கைமேல குறை இல்லை. வெந்ததுக்கு அப்புறம் மேல போட்டதுலதான் வேலை நடந்திருக்குது. குடிக்கிற தண்ணி?"

"அது காய்ச்சினது," என்றேன் பட்டென்று. "சுகாதார இன்ஸ்பெக்டரே வந்து உத்தரவு போட்டுட்டுப் போனாரு. அன்னியிலேருந்து காய்ச்சாம ஒரு சொட்டு போகலை."

அது நிஜம்தான். ஒரு மாதத்துக்கு முன்னால் பெய்த மழையில் கக்கூஸ் பக்கத்து வாய்க்கால் பொங்கி எங்கள் சிமெண்டுத் தொட்டியின் ஓரம் வரை வந்தது. தொட்டியில் வெடிப்பும் இருந்தது. இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு, தொட்டியைச் சரிசெய்கிற வரைக்கும் குடிதண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும் என்றார். காய்ச்சினோம். இரண்டு பெரிய அண்டாவில் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினோம்.

டாக்டரம்மா எழுந்து போகும்போது, ஏதோ சும்மா கேட்கிற மாதிரி கேட்டார்: "முந்நூறு பேருக்கு அண்டாத் தண்ணி எப்பிடீங்க அத்தனை சீக்கிரம் ஆறிச்சு?"



ஆறவில்லை. அதுதான் விஷயம். வெயிலில் மண் வெட்டிவிட்டு வருகிறவன் கைசுடுகிற டம்ளரைத் தொடவே மாட்டேன் என்றான். சாப்பாட்டு நேரம் அரை மணிதான். வெந்நீரைக் குடிக்கச் சொல்கிறான் மாஸ்டர் என்று ஒரே சத்தம். நான் யோசித்தேன். வீட்டில் குளிக்க வெந்நீர் வைத்தால் என்ன செய்கிறோம்? பச்சைத் தண்ணீர் கலந்து, கையை விட்டுப் பார்த்து, பதம் வந்ததும் ஊற்றிக்கொள்கிறோம். விளாவுவது என்று அதற்கு ஒரு சொல்லே வைத்திருக்கிறோம். பிறந்த குழந்தைக்கும் விளாவின தண்ணீர்தான். விளாவுவதில் கெடுதல் இருக்கும் என்று எந்தத் தமிழனுக்காவது தோன்றுமா? அஞ்சலையைக் கூப்பிட்டு, ஒரு அண்டாவுக்கு நாலு வாளி தொட்டித் தண்ணீர் சேர்த்து விளாவச் சொன்னேன்.

அஞ்சலைக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சுரங்கத்துக்காகக் காலி செய்த கிராமத்திலிருந்து வந்தவள். அந்த ஊரில் மற்றவர்களுக்கு நிலம் போனதற்குப் பணம் வந்தது. நிலமே இல்லாத அவர்களுக்கு ஊர் மட்டும் போனது. அவள் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

"பச்சத் தண்ணிய ஊத்திகினு இருந்தா, காய்ச்சினதுக்கு இன்னாங்க அர்த்தம்?"

"கொதிச்ச தண்ணியில கலந்தா அதுவும் கொதிச்சதுதான். கரண்டி பிடிக்கிறது நீயா நானா?"

அவள் ஊற்றினாள்.

நான் டாக்டரம்மாவுக்கு அன்று பதில் சொல்லவில்லை. மறுநாள் அவராகவே வந்து கேட்டார். சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாததுதான் குறை.

"அண்டாவுல கொதிச்சுச் செத்தது செத்துப்போச்சு. நீங்க மேல ஊத்துனதுல இருந்தது சாகலை மாஸ்டர். வெதுவெதுன்னு குளிச்சுட்டு எல்லார் வயித்துக்குள்ளயும் போயிருக்குது."

இதற்குள் பாக்கியம் இன்னொரு சேதி கொண்டு வந்தாள். இன்ஸ்பெக்டர் கான்டீனுக்குத் திடீரென்று வந்தபோது அஞ்சலை தொட்டித் தண்ணீரை அண்டாவில் ஊற்றிக்கொண்டிருந்தாளாம். கையும் வாளியுமாகப் பிடிபட்டாள். மாஸ்டர் சொல்லித்தான் செய்கிறேன் என்று அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. படுக்கையில் கிடக்கிறவர்மேல் பழி போடுகிறாயா என்று மேனேஜர் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார். அவள் புருஷனுக்கு முதுகில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாது. அவள் வேலைதான் வீடு.

பக்கத்துக் கட்டிலில் சேத்தியாத்தோப்புக்காரன் கோவிந்தன். லாரி டிரைவர், எங்கள் கான்டீன் சாப்பாடுதான். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நல்லா தொரத்துனாங்க மாஸ்டர். அந்த ஆளுங்க கையால தண்ணி குடிச்சா இப்பிடித்தான். சுத்தமா பத்தமா?"

நான் பேசாமல் படுத்திருந்தேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதனால் எழுதத்தான் வேண்டும். ஒரு பகல் முழுக்கப் பேசாமல் படுத்திருந்தேன். என் பேச்சுக்கு அவள் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்க, நான் குளுக்கோஸ் குடித்தேன்.

மறுநாள் மேனேஜர் பார்க்க வந்தார். கையில் சாத்துக்குடியும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும்.

"கவலையே படாதீங்க மாஸ்டர். ஆளைப் பிடிச்சு அனுப்பியாச்சு. இன்ஸ்பெக்டரும் சமாதானம் ஆயிட்டார். உங்க பேருக்கு ஒரு கீறல் விழாம நான் பார்த்துக்கிட்டேன்."

"சார், விளாவச் சொன்னது நான்."

"தெரியும்," என்றார். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. "அவ தினக்கூலி. நாளைக்கே வேற ஆள் கிடைக்கும். முந்நூறு பேருக்கு ஒரே பதத்துல சாம்பார் வைக்க நான் எங்க போவேன்? உடம்பைப் பாருங்க. வாயை மூடிட்டு இருங்க."

எனக்குள் கிடந்த வீம்பெல்லாம் அப்போதுதான் சரியான திசைக்குத் திரும்பியது. எழுந்து உட்கார்ந்தேன். தலை சுற்றியது, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், அன்னிக்கு அந்தக் கொட்டகையில இருந்தவங்கள்ல ஒருத்திக்குத்தான் மூளை இருந்திருக்கு. காய்ச்சினதுக்கு என்ன அர்த்தம்னு அவ கேட்டா. நான் வாயை அடைச்சேன். அவளை அனுப்பிட்டு என்னை வெச்சுக்கிறது எந்த ஊரு நியாயம்?"

"நியாயம் பேசினா வேலை போயிரும் மாஸ்டர்."

"போகட்டும். அந்தச் சாத்துக்குடியையும் எடுத்துட்டுப் போங்க."

அவர் போனதும் கோவிந்தன் பக்கம் திரும்பினேன். "தம்பி, நேத்து நீ ஒரு பேச்சுப் பேசினியே, அவ கைன்னு. உன்னைப் படுக்க வெச்சது இந்தக் கைதான். சுத்தம் பத்தம் எல்லாம் பார்க்கிற கை. நாலு தரம் கழுவினதுதான், அதே தொட்டித் தண்ணியில."  அவன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றான். 

டாக்டரம்மாவிடம் காகிதம் கேட்டேன். படுத்தபடியே எழுதினேன். தொட்டி, வாளி, நாலு வாளி என்று நான் சொன்னது, அவள் கேட்டது, நான் அதட்டினது, ஒன்று விடாமல். மோரிலும் சட்னியிலும் பச்சைத் தண்ணீர் போனதையும் எழுதினேன். டாக்டரம்மா வாசித்துவிட்டு, அடியில் அவரும் இரண்டு வரி எழுதி இன்ஸ்பெக்டருக்கு அனுப்பினார். காய்ச்சிய தண்ணீரில் காய்ச்சாததைக் கலந்தால் காய்ச்சியதற்குப் பலன் இல்லை என்பது அந்த இரண்டு வரி.

நான்காவது வாரம் கண் வெளுத்து வந்தது. பசி என்று ஒன்று திரும்பி வந்தது. வீட்டுக்குப் போகலாம், இன்னும் கொஞ்ச நாள் அடுப்படிக்குப் போகக்கூடாது என்று அனுப்பினார்கள். அதற்குள் இன்ஸ்பெக்டர் கான்டீனை ஒரு உலுக்கு உலுக்கியிருந்தார். தொட்டியை இடித்துப் புதிதாகக் கட்டச் சொல்லிவிட்டார். அஞ்சலையைத் திரும்ப எடுக்கச் சொல்லியும் ஆயிற்று. என்னைத் தலைமையிலிருந்து இறக்கி, உடம்பு தேறினதும் மாவாட்ட வரலாம் என்று மேனேஜர் சொல்லியனுப்பினார். போய்த் தொலையட்டும் என்று விட்டேன். ஆட்டுக்கல்லும் சமையல்தான்.

ஆனால் அஞ்சலை வேலைக்கு வரவில்லை. ஆள் அனுப்பியும் வரவில்லை. பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு அவள் குடிசைக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்று பேசினாள்.

"அஞ்சலை, என்மேலதான் தப்பு. எழுதிக் குடுத்துட்டேன். நீ வேலைக்கு வா."

"எழுதுனது ஆபீசுல இருக்கும். ஆபீசுல இருக்கறவங்களா அன்னிக்கு என்னப் பாத்து டம்ளர எடுத்துகினு எட்டப் போனாங்க? சாப்புட வர்றவங்க போனாங்க. எம்மவ கிட்ட, ஒங்கம்மாதானே காமால குடுத்தவன்னு கேக்கறாங்க. அவங்க கிட்ட சொன்னீங்களா?"

"இல்லை."

"அங்க சொல்லுங்க மாஸ்டர். அப்பறம் வரேன்."

பாக்கியம் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், உடம்பு தாங்காது என்று. தாங்காவிட்டால் விழுகிறேன் என்று சொல்லிவிட்டு, மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குக் கான்டீனுக்குப் போனேன். நான் சொல்லியனுப்பியிருந்ததால் அஞ்சலையும் வந்து வெளியே வேலியோரம் நின்றிருந்தாள். உள்ளே முந்நூறு பேர் இலை முன்னால். மேனேஜர் என்னைத் தடுக்க எழுந்தார். நான் அதற்குள் பெஞ்சின்மேல் ஏறிவிட்டேன்.  

"எல்லாரும் கேட்டுக்கங்க. உங்கள்ல பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். காமாலை வந்தது தண்ணியால. காய்ச்சின தண்ணியில பச்சைத் தண்ணியை விளாவச் சொன்னவன் நான். அப்ப காய்ச்சினது எதுக்குன்னு கேட்டவ அஞ்சலை. நான்தான் அவளை அதட்டி ஊத்த வெச்சேன். இனிமே எவனாவது அவமேல வாயை வெச்சா, எங்கிட்ட வந்து வைக்கட்டும். எம்மேல கோபம் இருக்கிறவன் எழுந்து வந்து அடிக்கலாம். இப்பவே அடிக்கலாம், நான் ஓட மாட்டேன்."

யாரும் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டவன் மட்டும் என்னை ஒரு கெட்ட வார்த்தையால் திட்டினான். அதை வாங்கிக்கொண்டேன். அவனுக்கு அந்த உரிமை உண்டு. பிறகு அவன் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, வாசல் பக்கம் பார்த்து, "தண்ணி யாரு ஊத்தறது?" என்று கேட்டான்.

அஞ்சலை உள்ளே வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அண்டாவின் மூடியைத் திறந்து, ஆவியில் கையைக் காட்டிப் பார்த்தாள். எல்லோரும் இலையை விட்டு எழுந்து வர, வரிசையாக டம்ளர்கள் நீண்டன. நானும் பெஞ்சிலிருந்து இறங்கி வரிசையின் கடைசியில் போய் நின்றேன். அவள் ஒருத்தருக்கும் ஊற்றவில்லை. மூடியை மறுபடி மூடினாள்.

"இன்னும் ஆறல. ஆறுனாத்தான் தண்ணி. நில்லுங்க."

முந்நூறு பேரும் நின்றோம்.